டோபமின் சமிக்ஞையில் ஆஸ்ட்ரோசைட்டுக்கு என்ன வேலை?

டோபமின் என்ற வேதிப்பொருள் வழியாக நடப்பது நியூரான்கள் (நரம்பு செல்கள்) தங்களுக்கிடையே பேசும் பேச்சுதானே, நடுவில் ஆஸ்ட்ரோசைட், அதாவது நியூரான்களைச் சூழ்ந்திருக்கும் துணைச் செல், எங்கே வருகிறது என்பது கேள்வி. அந்தப் பேச்சை ஆஸ்ட்ரோசைட்டும் கேட்கிறது, கேட்டுப் பதிலும் சொல்கிறது.

அதன் அன்றாட வேலை பலருக்கும் தெரியும். இரு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸில் கொட்டும் குளூட்டமேட்டை (நியூரானைத் தூண்டும் வேதிப்பொருள்) உறிஞ்சி, குளூட்டமினாக மாற்றி நியூரானுக்குத் திருப்பித் தரும். செல்களுக்கு வெளியே சுமார் 3 மில்லிமோலார் இருக்க வேண்டிய பொட்டாசியம் கூடாமல் பார்த்துக்கொள்ளும். கூடிவிட்டால் நியூரான்கள் கண்டபடி தூண்டப்பட்டு வலிப்பு வரை போகலாம்.

டோபமினுக்கு வருவோம். மூளையில் வெகுமதி உணர்வோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதியில் சுண்டெலிகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வு இதைப் படிப்படியாகக் காட்டியது. டோபமின் ஆஸ்ட்ரோசைட்டின் டி1 ஏற்பியில் (சமிக்ஞையைப் பெறும் புரதம்) ஒட்டுகிறது. செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியேறி அடினோசினாகச் சிதைகிறது. அந்த அடினோசின் பக்கத்து நரம்பு முனையின் ஏ1 ஏற்பியில் பட்டதும் அங்கே குளூட்டமேட் வெளியாவது குறைகிறது. அதாவது டோபமின் போடும் பிரேக்கில் ஒரு பகுதி ஆஸ்ட்ரோசைட் வழியாகத்தான் விழுகிறது. வேகத்தையும் கவனியுங்கள்: நியூரானின் மின்துடிப்பு 1 மில்லிநொடியில் முடிந்துவிடும், ஆஸ்ட்ரோசைட்டின் கால்சியம் அலையோ பல நொடி நீடிக்கும்.

டோபமினை அகற்றுவதில் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் நியூரானின் சொந்தக் கடத்தியே (டோபமினை செல்லுக்குள் இழுக்கும் புரதம்) பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். முன்நெற்றிப் புறணியில் அந்தக் கடத்தி குறைவு என்பதால் மற்ற கடத்திகளின் பங்கு கூடுகிறது. அவற்றில் சில ஆஸ்ட்ரோசைட்டில் இருக்கின்றன.

ஆஸ்ட்ரோசைட்டில் நிறைய இருக்கும், டோபமினைச் சிதைக்கக்கூடிய எம்ஏஓ-பி நொதி எவ்வளவு முக்கியம் என்பதை எம்பிடிபி என்ற நச்சு காட்டிக்கொடுத்தது. 1982இல் கலிபோர்னியாவில், இது கலந்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களிலேயே பார்க்கின்சன் நோயாளிகள்போல் விறைத்துப்போனார்கள். எம்பிடிபி நேரடியாக நியூரானைக் கொல்வதில்லை. அது மூளைக்குள் நுழைந்ததும், ஆஸ்ட்ரோசைட்டின் எம்ஏஓ-பி அதை எம்பிபி பிளஸ் ஆக மாற்றுகிறது. டோபமின் நியூரானின் கடத்தி இதை டோபமின் என்றே எண்ணி உள்ளே இழுக்க, மைட்டோகாண்ட்ரியா முடங்கி நியூரான் சாகிறது. எம்ஏஓ-பியை முன்கூட்டியே தடுத்த குரங்குகள் இந்தப் பாதிப்பிலிருந்து தப்பின. எனக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை: நஞ்சு தயாராவது ஒரு செல்லில், சாவது இன்னொரு செல்.

இந்தத் துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது மூன்றைச் சரிபாருங்கள். ஆஸ்ட்ரோசைட்டுக்கு மட்டும் என்று ஏற்றிய மரபணு நியூரான்களிலும் கசிந்ததா? கால்சியத்தை செல் உடலில் மட்டும் அளந்தார்களா? அப்படியென்றால் சினாப்ஸை ஒட்டிய நுண்கிளைகளில் நடப்பது தவறிப்போகும். குட்டி எலியின் மூளையா, வளர்ந்ததா? குளூட்டமேட்டை உணரும் எம்ஜிஎல்யூஆர்5 (mGluR5) ஏற்பி இளம் ஆஸ்ட்ரோசைட்டில் தாராளம், வளர்ந்ததில் மிகச் சொற்பம். குட்டியில் கண்டதை அப்படியே வளர்ந்த மூளைக்கு ஏற்றிச் சொல்ல முடியாது.