காசு கட்டி ஒன்பது மாசம், கம்பி இன்னும் வரல: ஃபைபர் கம்பெனி மேல கேஸ் போடலாமா?

மாரண்டஹள்ளி பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு அம்மா எழுதி இருக்காங்க. சுருக்கமா விஷயம் இதுதான். பையனுக்கு பெங்களூர்ல ஐடி வேலை. வீட்டுக்காரருக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துட்டதால பையன் ஊருக்கே வந்துட்டான், வீட்ல இருந்தே வேலை பாரு ஆனா கம்பி வழி நெட் கட்டாயம் இருக்கணும்னு அவன் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஊருக்கு கேபிள் டிவி விடறவர்தான் ஒரு பெரிய கம்பெனியோட ஃபைபருக்கும் ஏஜென்ட். போன தை மாசம் அவர்கிட்ட 4,500 ரூபா கட்டினாங்க, 15 நாள்ல வந்துடும்னு சொல்லி மோடம் பெட்டியையும் குடுத்துட்டு போயிட்டார். இப்ப ஐப்பசி. கேட்டா ரோடு பர்மிஷன் வரலங்கறாங்க. இதுக்கு நடுவுல இவங்க வீட்டு சுவத்துலயே ஆணி அடிச்சு அடுத்த தெருவுக்கு கம்பி கொண்டு போயிட்டாங்களாம், இவங்க வீட்டுக்கு மட்டும் இல்ல. கோர்ட்ல சொல்லி கம்பி இழுக்க வைக்க முடியுமா, பையன் வேலை போச்சுன்னா நஷ்டஈடு கிடைக்குமா, போலீஸ்ல சீட்டிங் கேஸ் குடுக்கலாமா, கோவத்துல அந்த கம்பியை அறுத்து விட்டா என்ன ஆகும், இதெல்லாம் கேட்டிருக்காங்க.

அம்மா, கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் அவசரம். தயவு செஞ்சு அறுத்துடாதீங்க. உங்க சுவத்துல உங்க சம்மதம் இல்லாம ஆணி அடிச்சது அவங்க தப்புதான், 2023 தொலைத்தொடர்பு சட்டத்துல 12வது பிரிவு தனியார் இடத்துல கம்பி கொண்டு போக இடத்துக்காரர்கிட்ட அனுமதி கேட்டு ஒப்பந்தம் போடணும்னுதான் சொல்லுது. ஆனா அதே சட்டத்துல 42வது பிரிவு டெலிகாம் கம்பிக்கு சேதம் பண்றதை குற்றமா வெச்சிருக்கு. இன்னிக்கு நியாயம் மொத்தமும் உங்க பக்கம் இருக்கு, ஒரு கட்டிங் பிளேயரை கையில எடுத்தீங்கன்னா நாளைக்கு கோர்ட்ல நீங்கதான் குற்றவாளிக் கூண்டுல நிப்பீங்க, அதுவும் அடுத்த தெருவுல நெட் போயிடுச்சுன்னு ஊர்க்காரங்களும் உங்க மேலதான் கோவப்படுவாங்க. ஆணி அடிச்ச இடத்தை வீட்டு நம்பர் தெரியற மாதிரி நாலு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அது பின்னாடி நமக்கு வேணும்.

இப்ப முக்கியமான கேள்வி. கம்பி இழுத்தே ஆகணும்னு கம்பெனியை கட்டாயப்படுத்த முடியுமா? உங்களுக்கு ஆசை காட்டி ஏமாத்த எனக்கு மனசு வரலம்மா, பெரும்பாலும் முடியாது. இன்டர்நெட் அடிப்படை உரிமைன்னு வாட்ஸப்ல சுத்தறதை நீங்களும் அனுப்பி இருந்தீங்க. கேரள ஹைகோர்ட் 2019ல ஒரு ஹாஸ்டல் மாணவி வழக்குல இன்டர்நெட் கல்வி உரிமையோட சேந்ததுன்னு சொன்னது உண்மை, சுப்ரீம் கோர்ட்டும் 2020 ஜனவரி 10ல காஷ்மீர்ல நெட்டை நிறுத்தின வழக்குல, நெட் வழியா பேசறதுக்கும் தொழில் பண்றதுக்கும் அரசியலமைப்பு பாதுகாப்பு உண்டுன்னு சொல்லுச்சு. ஆனா அதெல்லாம் இருக்கறதை தடுக்கக் கூடாதுங்கற வழக்குங்க. ஒரு தனியார் கம்பெனி உங்க தெருவுக்கு கம்பி கொண்டு வந்தே தீரணும்னு அந்த தீர்ப்புகள் எதுவும் சொல்லல. உங்க ஊராட்சி ஆபீஸ்ல தமிழ்நாடு ஃபைபர்நெட் பெட்டி வந்துடுச்சு, நமக்கு மட்டும் ஏன் இல்லன்னும் கேட்டிருக்கீங்க. அது பாரத்நெட்ங்கற, கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டு போற மத்திய அரசு திட்டத்துல வர்றது, ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் கொண்டு வந்து சேக்கறதுதான் அதோட முதல் வேலை. அங்கருந்து வீட்டு வாசல் வரைக்கும் வர்றது வேற வேலை, வேற ஆள்.

ஆனா காசு வாங்காம இருந்தா ஒரு பேச்சு, வாங்கிட்டா வேற பேச்சு. உங்க 4,500 ரூபாவை வாங்கின நிமிஷத்துல இருந்து நீங்க நுகர்வோர். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல சேவைங்கறதுக்கு விளக்கம் சொல்ற இடத்துலயே டெலிகாம்னு பேர் போட்டு எழுதி இருக்காங்க. டெலிபோன் விஷயம் நுகர்வோர் கோர்ட்டுக்கு வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது 2009 தீர்ப்பை வெச்சு சொல்ற பழைய கதை. வோடஃபோன் ஐடியா வழக்குல 2022 பிப்ரவரி 16ல சுப்ரீம் கோர்ட் அந்த குழப்பத்தை தீத்து வெச்சிருச்சு, நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம்னு. அதனால கம்பி வேணும்னு மட்டும் மல்லு கட்டாதீங்க, சொன்ன வார்த்தைக்கும் வாங்கின காசுக்கும் கணக்கு கேளுங்க. மனுவுல இன்ன தேதிக்குள்ள கனெக்‌ஷன் குடு, இல்லன்னா வட்டியோட பணத்தை திருப்பிக் குடுன்னு ரெண்டையும் சேத்தே கேக்கலாம், சேவைக் குறையை சரி பண்ணச் சொல்ற அதிகாரமும் ஆணையத்துக்கு இருக்கு.

நீங்க அனுப்பின ரசீது போட்டோவை பெருசாக்கி ரெண்டு மூணு தடவை பாத்தேன். கேபிள் சந்தா போடற அதே மஞ்சள் ரசீது புக்கு, மாசம்னு அச்சடிச்ச இடத்துல கோடு போட்டு அடிச்சுட்டு 'நெட் அட்வான்ஸ் 4,500'னு நீல பேனாவுல எழுதி இருக்கு, கீழ கேபிள் கடை சீல், கம்பெனி பேரே எங்கயும் இல்ல. கேஸ் போட்டா இந்த மாதிரி ஆளை எங்களுக்கு தெரியவே தெரியாது, பணம் எங்ககிட்ட வரலன்னு கம்பெனி கைய விரிக்கும். இதே மாதிரி ரசீதோட வந்த ஒருத்தர் கேஸை நான் நடத்தி கம்பெனியை பிடிக்க முடியாம போயிருக்கு, ஏஜென்ட் மட்டும்தான் மாட்டினார், அவரும் கடையை மூடிட்டு போயிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு. அதனாலதான் மோடம் பெட்டி மேல எனக்கு கண்ணு. பெட்டி மேல கம்பெனி பேரும் சீரியல் நம்பரும் இருக்கு இல்லையா, அது கேபிள்காரர் சந்தையில வாங்கின சாமான் இல்ல, கம்பெனி ஸ்டோர்ல இருந்து வந்தது. கடை போர்டுல கம்பெனி லோகோ போட்டிருந்தா அதையும் போட்டோ எடுங்க. 1872 ஒப்பந்த சட்டம் 237வது பிரிவுல, இவர் நம்ம ஆளுதான்னு ஊரு நம்பற மாதிரி ஒருத்தரை முதலாளி விட்டு வெச்சிருந்தா அவர் செஞ்சதுக்கு முதலாளியும் பொறுப்புன்னு இருக்கு. போர்டும் பெட்டியும்தான் உங்களையும் கம்பெனியையும் சேத்துக் கட்டற கயிறு. கேஸ்ல ரெண்டு பேரையும் எதிர்மனுதாரரா சேக்கணும்.

அடுத்தது அந்த ரோடு பர்மிஷன். இதை நம்பவும் வேண்டாம், பொய்யின்னும் சொல்ல வேண்டாம், எழுதிக் கேட்டு தெரிஞ்சுக்கலாம். நம்ம பக்கம் நிஜமாவே சிக்கல் உண்டு. ஓசூர் தருமபுரி ரோட்டுல குழி தோண்டற இடத்துல எல்லாம் நெடுஞ்சாலைக்காரங்களை கேக்கணும், ரயில் பாதையை தாண்டணும்னா ரயில்வேகிட்ட, ஈபி கம்பத்து மேல கொண்டு போகணும்னா மின்வாரியத்துகிட்ட, ஊருக்குள்ள ஊராட்சிகிட்ட. அஞ்செட்டி தேன்கனிக்கோட்டை பக்கம்னா காட்டு இலாகாவும் வந்துடும். ஆனா இவ்வளவுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு, கம்பெனி அந்த பர்மிஷனை கேட்டுச்சா? அதை கண்டுபிடிக்க உங்களுக்கு ஆகற செலவு மனுவுக்கு 10 ரூபா. பாலக்கோடு ஒன்றிய ஆபீஸுக்கு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'இன்ன கிராமத்துல இன்ன தெருவுல ஃபைபர் கேபிள் போட இன்ன கம்பெனி விண்ணப்பம் குடுத்திருக்கா, குடுத்திருந்தா எந்த தேதி, இப்ப எந்த நிலையில இருக்கு, நகல் வேணும்'னு நாலே வரி. இதே மாதிரி மின்வாரியத்துக்கு ஒண்ணு, நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஒண்ணு, அது மத்திய அரசோடதுங்கறதால அதுக்கு மட்டும் ஸ்டாம்புக்கு பதிலா 10 ரூபா போஸ்டல் ஆர்டர். 30 நாளுக்குள்ள பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு இருக்கு. விண்ணப்பமே வரலன்னு பதில் வந்துச்சுன்னா, அம்மா, உங்க கேஸ் பாதி ஜெயிச்ச மாதிரி. பர்மிஷனே கேக்காம பர்மிஷன் வரலன்னு சொல்லி ஒன்பது மாசம் அடுத்தவங்க காசை வெச்சிருக்கறதை விட பெரிய சேவைக் குறைபாடு வேற என்ன இருக்கு? அந்த சுவத்து போட்டோ இங்கதான் வேலை செய்யும், உங்க சுவத்தை தாண்டி அடுத்த தெருவுக்கு போன கம்பிக்கு தடை இல்ல, உங்க வீட்டுக்கு மட்டும் தடையான்னு கேட்டா அவங்களால பதில் சொல்ல முடியாது.

அந்த 15 நாள் கணக்கு பத்தியும் சொல்லணும். டெலிகாம் கம்பெனிகளை கண்காணிக்கற மத்திய அமைப்பான டிராய் 2006ல போட்ட பிராட்பேண்ட் ஒழுங்குமுறையில 15 வேலை நாளுக்குள்ள கனெக்‌ஷன் தரணும், காசு வாங்கிட்டு லேட் பண்ணா நாளுக்கு 10 ரூபா கழிக்கணும்னு இருந்துச்சு, தொழில்நுட்ப வசதி இருக்கற இடத்துக்கு மட்டும்னு. இப்ப அது போய் 2024 அக்டோபர் 1ல இருந்து புது ஒழுங்குமுறை நடக்குது. டிராய்க்கு நேரா புகார் எழுதி பிரயோஜனம் இல்ல, தனி ஆள் புகாரை அவங்க விசாரிக்கறதில்ல. கம்பெனி கஸ்டமர் கேருக்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்குங்க, அப்புறம் அவங்க அப்பீல் அதிகாரிக்கு மெயில் போடுங்க, 'எங்க முகவரிக்கு கனெக்‌ஷன் குடுக்க வழி இருக்கா இல்லையா, எழுத்துல சொல்லுங்க'ன்னு. இந்த ஒரு வரிக்கு இல்லன்னு பதில் வந்தா, வழியே இல்லாத இடத்துக்கு ஏன் காசு வாங்கினேன்னு கேக்கலாம், இருக்குன்னு வந்தா ஏன் குடுக்கலன்னு கேக்கலாம். வாயில பேசினது எதுவும் நிக்காது. ஏஜென்ட் கூட பேசற வாட்ஸப்பை அழிச்சிடாதீங்க, போன் மாத்தினாலும் பழைய போனை பத்திரமா வைங்க.

போலீஸ் வேண்டாம்மா. சீட்டிங்னு, இப்ப அது பாரதிய நியாய சன்ஹிதா 318, நிரூபிக்கணும்னா காசு வாங்கும்போதே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டணும். மோடம் குடுத்துட்டு போனவர் மேல அதை காட்டறது கஷ்டம், இது சிவில் மேட்டர்னு சொல்லி அனுப்பிடுவாங்க.

நஷ்டஈடு விஷயத்துல பையன் வேலை போனா வருஷ சம்பளத்தையே கேக்கலாம்னு யாரோ சொல்லி இருக்காங்க. ஒப்பந்த சட்டம் 73வது பிரிவு நேரடியா இல்லாம சுத்தி வளைச்சு வர்ற நஷ்டத்தை குடுக்காது. ஆனா காசு கட்டும்போதே வேலைக்காகத்தான் வேணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் கதவு திறக்கும், தை மாசத்து வாட்ஸப்ல பையன் 'ஆபீஸ்ல கேக்கறாங்க அண்ணா சீக்கிரம் பாருங்க'ன்னு அனுப்பின மெசேஜ் இருக்குன்னு எழுதி இருக்கீங்களே, அதுதான் இதுக்கு ஆதாரம். கண்டிப்பா கேக்க வேண்டியது, அவன் ராத்திரி மொட்டை மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல உக்காந்து மீட்டிங் பேசறதுக்கு போட்ட மொபைல் டேட்டா ரீசார்ஜ் செலவு, சிக்னல் இல்லாத நாள்ல ஓசூர் போய் தங்கின வாடகை, பஸ் டிக்கெட், மன உளைச்சலுக்கு ஒரு தொகை. ரீசார்ஜ் பில்லை எல்லாம் இன்னிக்கே டவுன்லோட் பண்ணச் சொல்லுங்க.

முதல்ல ஒரு நோட்டீஸ், 15 நாள் டைம் குடுத்து, கம்பெனிக்கும் ஏஜென்ட்டுக்கும் அக்னாலெட்ஜ்மென்ட்டோட தபால்ல. பல பேருக்கு நோட்டீஸ் பாத்ததுமே காசு திரும்ப வந்துடுது. வரலன்னா தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கம்பெனி தலைமை ஆபீஸ் எங்க இருந்தாலும் பரவால்ல. கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமயும் நீங்களே போடலாம், ஆன்லைன்லயும் போடலாம். 1915க்கு போன் பண்ணா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பேசி வழி சொல்வாங்க. பிரச்சனை ஆரம்பிச்சு 2 வருஷத்துக்குள்ள போட்டாகணும், இதோ வந்துடும் இதோ வந்துடும்னு இழுத்தடிக்கறதை நம்பி அந்த கெடுவை தாண்டிடாதீங்க. உங்க தெருவுல இன்னும் 6 வீட்டுக்காரங்க காசு கட்டி இருக்காங்கன்னு எழுதினீங்க, அவங்களையும் கூப்பிட்டு பேசுங்க, ஒரே குறை இருக்கறவங்க சேந்து ஒரே மனுவா போட சட்டத்துல வழி இருக்கு. 4,500 ரூபாய்க்கு ஒருத்தர் தனியா அலையறதுக்கும் ஏழு வீடு சேந்து நிக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

பையன் வேலைக்கு அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு வேணும் இல்லையா, பாலக்கோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல பிஎஸ்என்எல் ஃபைபர் உங்க ஊர் பக்கம் எதுவரைக்கும் வந்திருக்குன்னு நேர்ல போய் கேளுங்க, இன்னொரு கம்பெனியில வாங்கினாலும் இந்த கேஸ் போயிடாது, அந்த செலவையும் இதுல சேத்து கேக்கலாம்.

ரசீதை நாலு ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினலை பைல்ல வைங்க, லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க. ஏஜென்ட் வந்து வேற கஸ்டமருக்கு அவசரம் மோடத்தை குடுங்கன்னு கேட்டா, காசை கையில வாங்கி, இன்ன சீரியல் நம்பர் மோடம் இன்ன தேதியில வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்தும் வாங்காம அந்த பெட்டியை குடுத்துடாதீங்கம்மா.