திருமலை டவுனுக்குள் லொட்ஜில் தங்கலாமா? கேள்வியும் பதிலும்

திருகோணமலை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள மலிவு லொட்ஜ்களைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த டவுனுக்குள்ளேயே வளர்ந்தவன், லொட்ஜ் கவுண்டரில் பல வருடம் இருந்தவன். கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, தெரிந்ததைக் கீழே எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு ஆசிரியை: மாகாணத் திணைக்களத்தில் காலையிலேயே நேர்முகத் தேர்வு அண்ணா. தனியாக வருகிறேன். பஸ் நிலையப் பக்கம் தங்காதே, உப்புவெளிக்குப் போ என்கிறார்கள். உண்மையிலேயே பயப்பட வேண்டுமா?

தங்கச்சி, ஊத்தை வேறு, ஆபத்து வேறு. பஸ் நிலையப் பக்கம் தூசி, ஹோர்ன் சத்தம், கானில் தேங்கிய தண்ணீர், சுவரில் வெற்றிலைத் துப்பல் எல்லாம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் பயப்படுகிறார்கள். பகல் முழுக்கச் சனம் நிற்கிற இடம் அது. கவனிக்க வேண்டியது இரவில்தான். கடைகள் பூட்டியதும் தெருக்கள் சட்டென்று வெறிச்சோடிவிடும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே வந்து ரூம் எடுத்து, சாப்பாட்டையும் முடித்துவிடுங்கள்.

முதலில் கடிதத்தில் உள்ள முகவரியைப் பாருங்கள். மாகாண அலுவலகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. உட்துறைமுக வீதி என்றால் டவுனிலிருந்து நடக்கலாம், வரோதயநகர் என்றால் ஓட்டோ வேண்டும். உப்புவெளி நல்ல இடம்தான். ஆனால் அது கடலுக்கு வருகிறவர்களின் இடம், காலை அவசரத்தில் ஓட்டோ காசும் நேரமும் வீண்.

தனியாக வரும் பெண்ணுக்கு நான் சொல்வது, வீட்டுக்காரர் அதே வளவில் குடியிருக்கும் சிறிய விடுதி. டச்சு பே கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளிலும் உவர்மலையிலும் தேடிப் பாருங்கள். கவுண்டரில் உங்களைக் கண்டதும் “எத்தனை மணித்தியாலம்?” என்று கேட்டால், அங்கே நிற்க வேண்டாம். “எத்தனை நாள்?” என்று கேட்கிற இடத்துக்குப் போங்கள்.

கிளிநொச்சித் தம்பி: காசு கட்ட முதல் ரூமில் எதையெதைப் பார்க்க வேண்டும்?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் தம்பி. ரூமைக் காட்டாமல் காசு கேட்கிற இடத்தில் தங்கவே கூடாது. சாவியை வாங்கி நீங்களே மேலே போங்கள்.

உள்ளே போனதும் பையைக் கட்டிலில் வைக்க வேண்டாம், குளியலறை ஓட்டுத் தரையில் வையுங்கள். அப்புறம் போன் லைட்டைப் போட்டு, தலைமாட்டுப் பக்கம் பெட்ஷீட்டை உருவி மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால், பேனா முனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஈரத் துணியால் தேய்த்தால் அது மண்ணிறமாக இழுபடும். வெறும் தூசி அப்படி இழுபடாது. கட்டில் பலகைப் பொருத்துகளையும் பக்கத்துச் சுவர் வெடிப்பையும் ஒருக்கால் பாருங்கள். பெட்ஷீட் வெள்ளையாக இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம், அது நேற்றுத் தோய்த்ததாக இருக்கும், மெத்தை பழையதாக இருக்கும். மூட்டைப்பூச்சி நோய் பரப்பாது, ஆனால் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டால் ஒழிப்பது பெரும் பாடு. சந்தேகமாக இருந்தால், வீட்டுக்குப் போனதும் சுடுதண்ணீர் தாங்கும் உடுப்பை 60 பாகைச் சூட்டில் தோயுங்கள்.

அடுத்தது சூடு. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், மேல் மாடி ரூம் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நடுச்சாமம் வரை விடும். கொங்கிரீட் தட்டுக்கு நேர் கீழே உள்ள ரூமை ஏசி இல்லாமல் எடுக்காதீர்கள். பின்னேரம் போனால் சுவரிலே கையை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். நடு மாடி, ஜன்னல் இரண்டு பக்கமும் உள்ள ரூம் என்றால் ஃபேனோடு சமாளிக்கலாம். வாடைக் காலத்தில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, இது தலைகீழ். அப்போது சூடு பிரச்சினை இல்லை, சுவர் ஈரம்தான் பிரச்சினை. கதவைத் திறந்ததும் பூஞ்சண மணம் அடித்தால் வேறு ரூம் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஆட்கள் குறைவு, தருவார்கள், விலையும் பேசலாம்.

கடைசியாகக் கதவின் உள் கொண்டி. போட்டுப் பார்த்து, கதவை இழுத்தும் பாருங்கள். தண்ணீர்ப் பைப்பைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள்.

வத்தளையிலிருந்து: விலை குறைந்த ரூம் ஒன்று கண்டோம், கீழே பார் இருக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். போயா தினத்தில், அதாவது பௌர்ணமியன்று, போய்ப் பார்த்திருந்தால் இன்னும் யோசியுங்கள், அன்று பார் பூட்டு, அந்த அமைதி மறுநாள் இருக்காது.

கொழும்பிலிருந்து: கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வந்தால் விடியற்காலையில் இறங்குவோம். லொட்ஜில் மத்தியானம்தான் ரூம் என்கிறார்கள். அதுவரை எங்கே போவது?

முதல் நாளே போன் பண்ணி, “விடிய வருவோம், ரூம் வெறுமையாக இருந்தால் தருவீர்களா?” என்று கேளுங்கள். சும்மா தருகிறவர்களும் உண்டு, அரை வாடகை கேட்பவர்களும் உண்டு. அரை வாடகை நியாயம்தான், அந்த ரூமை அவர்கள் இரண்டு தரம் கழுவ வேண்டும். இல்லையென்றால் பையைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு, காசையும் அடையாள அட்டையையும் உங்களோடு எடுத்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு நடந்து போங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலால் ஏறும்போது வாசல் கல்லில் இரட்டைக் கயல் சின்னம் தெரியும், நின்று பாருங்கள். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் எடுத்துக் கட்டிய கோட்டை அது. காலை வேளை மலையுச்சியில் காற்றும் கடலும் எங்கள் ஊரின் மிகச் சிறந்த நேரம். வெயில் ஏறிவிட்டால் செருப்பில்லாமல் கல்லில் கால் வைக்க முடியாது.

பஸ் நிலையப் பக்கமும் கோட்டைக்குள்ளும் புள்ளிமான்கள் நிற்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் சாப்பாட்டுப் பார்சலைக் கொடுக்காதீர்கள். உப்பும் எண்ணெயும் பட்ட பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன. மனம் வேகிறது, தயவுசெய்து கேளுங்கள்.

முல்லைத்தீவு அக்கா: அம்மாவை பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். துணைக்கு நிற்க ஒரு ரூம் வேண்டும், எத்தனை நாள் என்று தெரியாது.

அக்கா, நாள் வாடகை பேச வேண்டாம். ஆஸ்பத்திரி விஷயம் என்று சொல்லி கிழமை வாடகை கேளுங்கள். விலையைக் கிழமைக் கணக்கில் பேசினாலும் முதல் நாள் காசை மட்டும் கட்டுங்கள், அம்மாவைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினால் மீதி நாளுக்குச் சண்டை வராது. கேத்தல் வைக்க விடுவார்களா, உடுப்புக் காயப்போட இடம் உண்டா என்று கேளுங்கள். இரவில் வார்ட்டிலிருந்து கூப்பிட்டால் கதவு திறப்பார்களா என்பதுதான் முக்கியம். ஏசியை விட இது பெரிது. சாப்பாட்டுக்குப் பக்கத்துக் கடைச் சோற்றுப் பார்சல் போதும். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், துணைக்கு நிற்பவர் விழுந்துவிட்டால் யார் பார்ப்பது? ஏதும் அவசரம் என்றால் 1990, இலவச அம்புலன்ஸ்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்: எங்கள் இருவரின் அடையாள அட்டையிலும் முகவரி வேறு. ரூம் தர மறுத்தார்கள்.

விவாகச் சான்றிதழைப் போனில் படமெடுத்து வைத்திருங்கள். கேட்பது சங்கடம்தான். ஆனால் இரண்டு பேரின் அட்டையையும் பார்த்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிற லொட்ஜ்தான் குடும்பத்துக்கு நல்ல லொட்ஜ்.

லண்டனிலிருந்து வருபவர்: பிள்ளைகளோடு டவுனில் தங்கலாமா?

கோயிலுக்கும் சொந்தக்காரருக்கும் ஒரு இரவு தங்கலாம். மீதி நாளுக்கு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போங்கள், பிள்ளைகளுக்குக் கடல்தானே வேண்டும். வாடைக் காலத்தில் அந்தக் கடலில் இறக்காதீர்கள். நுளம்பு வலை கேளுங்கள். டெங்கு நுளம்பு பகலில்தான் அதிகம் கடிக்கும், அதனால் பகல் தூக்கத்துக்கும் வலையைப் போடுங்கள்.

கல்முனையிலிருந்து: விடிய முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். லொட்ஜில் என்ன சொல்லி வைக்க வேண்டும்?

பல இடங்களில் இரவு கீழே கிறில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், பூட்டியவர் உள்ளே எங்காவது தூங்குவார். படுக்கப் போகும் முன்பே கணக்கை முடித்து, பற்றுச்சீட்டை வாங்கி, அவர் எந்த ரூமில் படுக்கிறார் என்று கேட்டு வையுங்கள். அவருடைய போன் நம்பரையும் வாங்குங்கள். பஸ் வெளிக்கிடும் நேரத்தை லொட்ஜில் கேட்க வேண்டாம், முதல் நாள் பின்னேரமே பஸ் நிலையத்தில் போய் நேரக் காப்பாளரிடம் கேளுங்கள்.