குளம்பு வீக்கத்துக்குக் கலக்கித் தந்த மருந்து: சாணி கறுத்தால் நிறுத்திவிடுங்கள்

கேள்வி: என் பசு 7 மாதச் சினை, ஒரு வேளை மட்டும் கறக்கிறேன். பின்னங்காலில் குளம்புக்கு மேலே வீங்கி, தாங்கித் தாங்கி நடந்தது. மருத்துவர் எழுதியபடி மருந்தாளுநர் கலக்கித் தந்த மெலாக்சிகாம் என்ற வலி, வீக்க மருந்துத் திரவத்தை வாய்வழியாகக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் பலனில்லை. அப்புறம் வீக்கம் வடிந்தது. ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து தீவனம் எடுக்கவில்லை, சாணி கருப்பாகப் போடுகிறது. பாட்டில் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கிறது. மீதியைக் கொடுத்து முடிக்கலாமா? கைவசம் பழைய டெக்சாமெத்தசோன் ஊசி இருக்கிறது, அதைப் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மருந்தை இப்போதே நிறுத்திவிட்டு, இன்றே மருத்துவரை வரவழையுங்கள்.

தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று, கெட்ட வாடையோடு சாணி வந்தால் மாட்டின் நான்காம் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் சாணியை வெள்ளைத் துணியில் தடவித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், செம்பழுப்பாகக் கறை இறங்கும். கீழ் இமையை விரலால் இழுத்து உள்பக்கத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பு போய் வெளுத்திருந்தால் ரத்தம் நிறையப் போயிருக்கிறது, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

இது ஏன் வந்தது? வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டினை இந்த மருந்து தடுக்கிறது. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே பொருள்தான். அளவு கூடினாலும், மாடு தண்ணீர் குடிக்காமல் வறண்டிருந்தாலும் வயிறும் சிறுநீரகமும் அடிவாங்கும். அதனால் தொட்டித் தண்ணீர் எவ்வளவு குறைகிறது, சிறுநீர் எத்தனை முறை போகிறது என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே முக்கியமான தடயம் இருக்கிறது: அடியில் படிந்த கெட்டி. கலக்கித் தரும் திரவத்தில் மருந்துத் தூள் கரைவதில்லை, மிதந்து நிற்கிறது. குலுக்காமல் ஊற்றினால் முதல் நாட்களில் மாட்டுக்குத் தெளிந்த நீர்தான் போகும். கடைசியில் அடிமண்டி முழுக்க ஒரேயடியாக இறங்கும். முதலில் பலனில்லாததும், பிறகு வயிறு கெட்டதும் அதனால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் ஒன்றும் ஒட்டாத வரை குலுக்கிய பிறகே அளக்க வேண்டும்.

மருந்தின் அளவை மாட்டின் எடையை வைத்தே கணக்கிடுவதால், எடையும் கண்மதிப்பாக இருக்கக் கூடாது. மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதையே அதனால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். சுற்று 66, நீளம் 60 என்றால் 396 கிலோ. அதே மாட்டை 500 கிலோ என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு வேளையும் கால் பங்கு கூடுதலாகப் போய்விடும்.

டெக்சாமெத்தசோன் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், தொடவே கூடாது. அது ஸ்டீராய்டு. இந்த வகை வலி மருந்தோடு சேர்ந்தால் வயிற்றுப் புண் மோசமாகும். அதோடு, கடைசி மூன்று மாதச் சினையில் கன்று வீச வைத்துவிடும். வேறொரு வலி மருந்தைச் சேர்ப்பதும் அதே அளவு ஆபத்து.

பாலைக் கொட்டிவிடுங்கள், வீட்டுக்கும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஆலையில் தயாராகும் மெலாக்சிகாம் ஊசிக்கே ஐரோப்பாவில், மருந்து கொடுத்த பிறகு பாலுக்கு 5 நாள், இறைச்சிக்கு 15 நாள் பயன்படுத்தாமல் காத்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கையால் கலந்த மருந்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எத்தனை நாள் என்று மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள்.

மீதி மருந்தைக் கீழே ஊற்றாமல் பாட்டிலோடு அவரிடம் காட்டுங்கள். கலந்த தேதி, ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம், காலாவதி ஆகிய மூன்றும் ஒட்டுத்தாளில் இருக்கிறதா பாருங்கள்.

வீக்கம் வடிந்ததால் கால் குணமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இந்த மருந்து வலியை அமுக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. குளம்பைக் கழுவி, இரு பிளவுக்கும் நடுவே வெடிப்போ அழுகல் நாற்றமோ இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவர் வரும்போது அந்தக் காலையும் தூக்கிக் காட்டுங்கள்.