முட்டி தேய்வதைவிட, அது மாட்டிக்கொள்வதைக் கவனியுங்கள்

பினாங்கு, பாயான் லெப்பாஸிலிருந்து எழுதியிருக்கும் 47 வயது வாசகருக்கு,

அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, எட்டு மாதமாக சைக்கிள் ஓட்டும் உங்களுக்கும் அதே கதிதானோ என்பதுதான் உங்கள் பயம். இல்லை. உடம்பின் எடையை சீட் தாங்கிக்கொள்வதால், தேய்மானம் உள்ளவர்களுக்கே நாங்கள் சைக்கிள் ஓட்டச் சொல்கிறோம். வலியில்லாமல் முட்டியில் வரும் 'டக் டக்' சத்தமும் ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், குந்தி உட்கார்ந்து எழும்போது வலது முட்டி இரண்டு முறை மடங்கியபடியே மாட்டிக்கொண்டது, உதறினால் சரியாகிவிட்டது, மறுநாள் கொஞ்சம் வீங்கியிருந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்து, அந்தத் துண்டு எலும்புகளுக்கு நடுவே சிக்கினால் இப்படித்தான் ஆகும். இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சில கிழிசல்களைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் தைத்துவிடலாம், இழுத்தடித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். மறுபடி மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் உதறாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை சைக்கிள் ஓய்வெடுக்கட்டும்.

இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாலிக் பூலாவ் மலை ஏறுகிறீர்களாம். யார் சொன்னது? இந்த வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். வலியை மறைத்துக்கொண்டு மலை ஏறுவது வைத்தியம் இல்லை.

சரி, மிதிக்கும் முறைக்கு வருவோம். மேடு ஏறும்போது முட்டிச் சிப்பிக்குக் கீழே, முன்பக்கம்தான் வலிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், இல்லையென்றால் கியர் கனமாக இருக்கும், உங்கள் விஷயத்தில் இரண்டுமே என்று நினைக்கிறேன். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். முட்டிக்குப் பின்னால் வலி வந்தால் சீட் உயரமாகிவிட்டது என்று அர்த்தம். வலது முட்டி 15 வினாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள், சமதரையில் 20 முதல் 22 வந்தால் நல்லது. 14, 15 என்றால் கியரை இலகுவாக்குங்கள். மேட்டில் எண்ணிக்கை குறையும், அதற்காகக் கனமான கியரில் முக்கி மிதிக்காதீர்கள்.

பெடலை மேலே இழுத்தால் வேகம் கூடும் என்று வீடியோவில் சொன்னதை மறந்துவிடுங்கள். வேண்டுமென்றே இழுப்பவர்களுக்கு அதே வேலைக்குச் சக்திதான் கூடுதலாகச் செலவாகிறது. மேலே வரும் கால் கீழே போகும் காலுக்குப் பாரமாக இல்லாமல் இருந்தாலே போதும்.

மருத்துவரிடம் எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.