காய்ச்சல் தணிந்தபின் வந்த பக்கவாதம்

கேள்வி: என் தந்தைக்கு வயது 62, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. ஃப்ளூ காய்ச்சல் தணிந்த ஐந்தாம் நாள் இரவு, காபி டம்ளர் அவருடைய வலக்கையிலிருந்து நழுவியது, பேச்சும் குழறியது. காய்ச்சல் அசதி என்று எண்ணிக் காலைவரை காத்திருந்தோம். மூளை இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். இப்போது அம்மாவுக்கும் காய்ச்சல், இருமல். இரத்தம் கட்டாமலிருக்கத் தினம் ஓர் ஆஸ்பிரின் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சென்னையில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அதில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும்போது ஆஸ்பிரின் இரத்தக் கசிவை உண்டாக்கிவிடும். அம்மா இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால், அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

நுரையீரலைத் தாக்கும் வைரஸை எதிர்த்து உடல் போராடும்போது எழும் அழற்சி, இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் புண்படுத்துகிறது. உறைவுக்கான புரதங்கள் கூடுகின்றன, தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, தண்ணீர் குடிக்காமல் படுத்தே கிடப்பதும் இரத்தம் உறைந்து கட்டியாவதற்குத் துணைபோகிறது. காய்ச்சல் விட்ட பிறகும் இந்த நிலை சில வாரங்கள் நீடிக்கக்கூடும் என்பதால்தான் உங்கள் தந்தைக்கு ஐந்தாம் நாளில் அது நேர்ந்தது. கொரோனா பரவத் தொடங்கிய காலத்தில் இந்த ஆபத்து ஃப்ளூவைவிட அதிகமாக இருந்தது. 2020இல் நியூயார்க் மருத்துவர்கள், 50 வயதுக்குட்பட்ட ஐந்து பேருக்கு இரண்டே வாரங்களில் மூளையின் பெரிய குழாய் அடைபட்டதைப் பதிவு செய்தார்கள். ஆயினும் காய்ச்சல் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பக்கவாதம் வருவதில்லை. அம்மாவுக்குப் போதிய நீராகாரம் கொடுங்கள், வீட்டுக்குள் நடக்கச் செய்யுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் இருந்தால் தவறவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ அதுவும் இரத்தக் கட்டியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வாய் கோணினால், கை தளர்ந்தால், நாக்குக் குழறினால், 'காற்றுப் பட்டிருக்கும்' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் அடைப்பானால், தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம்வரை மெல்லிய குழாயை உள்ளே செலுத்திக் கட்டியை எடுக்க இயலும். ஆகவே கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

அந்த இரவுக்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். முதல் சில மாதங்களின் பயிற்சிதான் கைக்கு அதிகப் பலன் தரும். அப்பாவின் இயன்முறைப் பயிற்சியை (பிசியோதெரபி) ஒரு நாளும் விடாதீர்கள்.