பால்கனியில் இரண்டடி இடம்தான் இருக்கிறது, அதிகம் செலவில்லாமல் என்ன வளர்க்கலாம்?

அதிகம் செலவில்லாமல் என்று கேட்டிருப்பதால் சொல்கிறேன், வெந்தயக்கீரையில் தொடங்குங்கள். விதைக்காகக் கடைக்குப் போக வேண்டாம், அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயமே போதும். ஒரு கைப்பிடியை இரவே ஊறவைத்து, அடியில் நாலைந்து ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பில் மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்பி, நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடி, தினமும் கையால் தண்ணீர் தெளித்து வந்தால் மூன்று நாலு நாளில் முளை எட்டிப்பார்க்கும். சிலது விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு வரும், குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவ்வளவு அழகு! தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது, வேர் அழுகிவிடும். 20, 25 நாளில் பறித்துப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம்.

அப்புறம் புதினா. கட்டு வாங்கினால் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைத் தூக்கி எறியாதீர்கள். நுனியில் இரண்டு இலை விட்டு, தடித்த தண்டாக நாலைந்தைத் தம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் கணுவில் வெள்ளையாக வேர் விடும். அதைத் தொட்டிக்கு மாற்றுங்கள். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் கொண்டுபோனது அப்படி வளர்த்த ஒரு தொட்டியைத்தான், இன்றும் அவர்கள் வீட்டுச் சட்னிக்கு அதிலிருந்துதான் கிள்ளுகிறார்கள்.