நீரிலிருந்து பார்த்த நகரத்தின் நீர்வண்ண ஓவியத்தில் எதை ரசிப்பது?

நீர்வண்ணம் என்பது நீரில் கரைத்துத் தாளில் பூசப்படும், ஒளி ஊடுருவக்கூடிய வண்ணம். எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையைக் கடைசியில்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கோ பூசாமல் விட்ட தாளே வெள்ளை என்பதால், ஒளி எங்கே விழ வேண்டும் என்பதைத் தூரிகையை நனைப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். நிறமுள்ள மெல்லிய பருத்திப் புடவையைச் சன்னலில் திரையாகக் கட்டினால் வெயில் அதன் நிறத்தை ஏந்திக்கொண்டு அறைக்குள் வருமே, அதைப்போலவே ஒளி வண்ணத்தைக் கடந்து தாளில் பட்டுத் திரும்பி வருகிறது.

1819இல் முதன்முறையாக வெனிஸ் சென்ற ஆங்கில ஓவியர் டர்னர், நீருக்கு அப்பால் நிற்கும் சான் ஜார்ஜோ மஜோரே தேவாலயத்தை அதிகாலை ஒளியில் தீட்டினார். செங்கல்லையும் சாளரத்தையும் எண்ணி வரையாமல், சில மெல்லிய பூச்சுகளிலேயே அந்தக் கோபுரத்தை அவர் நிறுத்திவிட்டது எனக்கு இன்றும் வியப்புதான். இத்தகைய படங்களில் முதலில் விளிம்புகளைப் பாருங்கள்: ஈரத் தாளில் பூசியது பரவி மங்கும், காய்ந்த தாளில் பூசியது கூர்மையாக நிற்கும். பிறகு பிம்பத்தைப் பாருங்கள். அமைதியான நீரில் வெளிர்நிறச் சுவரின் பிம்பம், சுவரைவிடச் சற்றே இருண்டிருக்கும்.

நீர்வண்ணம் எண்ணெய் ஓவியத்துக்கான வெறும் முன்வரைவு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் லண்டன் நீர்வண்ண ஓவியர்கள் 1804இலேயே தமக்கெனச் சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டே தனிக் கண்காட்சியும் நடத்தினார்கள்.